பதில் போடாமல் இருக்கத் தெரியாதவள்

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பாதி இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, "பிள்ளை, இது நீதானே?" என்று அவளுக்கு அனுப்பிவைக்கும். அவளும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத உட்கார்ந்துவிடுவாள். அந்த நிலைக்கு அவளை இன்னொரு முறை தள்ள எனக்கு விருப்பமில்லை. முன்பு தள்ளியவர்களில் முதல் வரிசையில் நின்றவள் நான்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நாங்கள் ஒரே வகுப்பு. பிறகு ஒரே பல்கலைக்கழகம். அவள் கட்டடப் பொறியியல், நான் அரசறிவியல். ஆறு வயதில், யாரோ எழுதித் தந்த பேச்சை மூச்சு வாங்காமல் ஒப்புவித்து முதற்பரிசு பெற்ற நாள் தொடங்கி, ஒலிவாங்கியைக் கண்டால் என் முதுகு தானாகவே நிமிரும். அடக்கத்தோடு சொல்லத் தெரியாததால் இதைப் பெருமையோடேயே சொல்கிறேன். அவளோ மேடையேறவே மாட்டாள். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து பல்கலைக்கழகத்தில் தமிழ் விவாதக் குழு ஒன்று தொடங்கியபோது, அவள் தானாகவே இரண்டு வேலைகளை எடுத்துக்கொண்டாள். ஒன்று, நேரக் காப்பாளர். மற்றது, குழுவின் இணையப் பக்கத்தை நடத்துவது.

முதல் வேலையில் அவளுக்கு இரக்கம் என்பதே கிடையாது. முன்வரிசையில் தேநீர் குடிக்கும் ஒரு சில்வர் பேணியையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு இருப்பாள். ஆறாம் நிமிடத்தில் ஒரு தட்டு, ஏழாம் நிமிடத்தில் இரண்டு தட்டு.

"ஏழு நிமிசம் முடிஞ்சுது. இறங்கு."

"இன்னும் ஒரேயொரு வசனம்."

"உன்ர ஒரு வசனம் ரெண்டு நிமிசம். இறங்கடி."

என் வாழ்நாளில் என்னை மேடையிலிருந்து இறக்கத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் கைபேசி ஒருமுறை மினுங்கினால் போதும், அந்தக் கண்டிப்பு முழுவதும் எங்கோ போய்விடும். வந்த செய்தியைத் திறப்பாள். திறந்தால் பதில் எழுதுவாள். "பிறகு எழுதலாமே" என்று யார் சொன்னாலும் அவளிடமிருந்து வருவது ஒரே மறுமொழிதான்.

"பாத்திட்டன். பாத்தாப் பிறகு எப்பிடி விடுறது?"

பார்த்தபின் விட அவளால் முடிந்ததை நான் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் என் பேச்சு ஒன்றின் கீழே, முகம் தெரியாத ஒருவர், என் குரல் காகத்தின் குரலைப் போல இருப்பதாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே, குழுவின் பெயரில், "உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி அண்ணா" என்று இருந்தது.

"ஏன்டி அவனுக்கு நன்றி சொன்னாய்?"

"மினக்கெட்டு எழுதியிருக்கிறார், பாவம்."

"என்னைக் காகம் எண்டெல்லோ எழுதியிருக்கிறான்!"

"அதுக்கு நான் ஓம் எண்டு சொல்லேல்லையே. நன்றி எண்டுதானே சொன்னனான்."

அவளுக்கு வந்த செய்திகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஜெர்மன் மொழி ஓடாத பெரியவர்கள், அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்புவார்கள். "தங்கச்சி, இதில என்ன கிடக்கு?" என்று ஒரு குரற்பதிவும் கூடவே வரும். அவள் வாசித்து, விளக்கி, டெர்மின் என்னும் சந்திப்பு நேரம் எடுத்துக் கொடுத்து, அன்ட்ராக் என்னும் விண்ணப்பத்தை நிரப்பியும் கொடுப்பாள். அவ்வளவும் முடிந்தபின் அதே பெரியவர்கள் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புவார்கள். அதற்கும் அவள் பதில் வணக்கம் அனுப்ப வேண்டும். ஒரு மாமியின் மகளுடைய சாமத்திய வீட்டு, அதாவது பூப்பு நீராட்டு விழாப் படங்கள் பொதுக் குழுவில் வந்த நாளில், அறுபத்தெட்டுப் படங்களுள் மூன்றுக்கு இதயக்குறி இட மறந்துவிட்டாள். மாமி அவளுடைய தாய்க்குத் தொலைபேசி எடுத்து, "உங்கட பிள்ளைக்கு எங்களோட ஏதும் கோவமோ?" என்று கேட்டார்.

அவளுடைய இருபத்திரண்டாவது பிறந்தநாளன்று அவளை மென்சாவில் கண்டேன். மென்சா என்பது எங்கள் பல்கலைக்கழக உணவகம். மேசையில் உருளைக்கிழங்குச் சூப் ஆறிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவள் சூடாகச் சூப் குடித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஆர் என்ன சொன்னது?"

"எல்லாரும் வாழ்த்துத்தான் சொல்லினம். இன்னும் தொண்ணூறு பேருக்கு நன்றி எழுதக் கிடக்கு."

"ஒண்டை எழுதி எல்லாருக்கும் அனுப்பன்."

"போன வருசம் அப்பிடித்தான் செய்தனான். ரெண்டு அன்ரிமார் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்திருக்கினம். வசனம் ஒண்டுதான், ஆனா கடைசியில ஒராளுக்கு இதயம் போயிருக்கு, மற்றவவுக்குக் கும்பிடு போயிருக்கு. அவ இன்னும் என்னோட முகங்குடுத்துக் கதைக்கிறேல்லை."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் அழுகையோடே சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின், கைபேசியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு ஒரு இடமும் நோகேல்லை. ஆனா ஒருத்தரையும் பிடிக்கேல்லை. என்னையும் பிடிக்கேல்லை. தடிமன் காய்ச்சல் எண்டாலும் டொக்டரிட்டச் சொல்லலாம். இதை என்னெண்டு சொல்லுறது?"

பேச்சை மாற்றுவதற்காக, என் கடைசிப் பேச்சை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். அவளும் பார்த்துச் சொன்னாள்.

அந்த மாசியில், கொலோன் நகரில் ஒரு மண்டபத்தில், நகரங்களுக்கிடையிலான தமிழ் இளையோர் விவாதம் நடந்தது. சமூக வலைத்தளங்கள் மாணவரை இணைக்கின்றனவா, இளைக்க வைக்கின்றனவா என்பது தலைப்பு. சீட்டு எடுத்ததில் எங்களுக்கு இரண்டாம் பக்கம் விழுந்தது. எந்தப் பக்கம் விழுந்தாலும் உயிரைக் கொடுத்துப் பேசுவதுதான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி, நானும் கொடுத்தேன். "கைபேசி நம் கையில் இல்லை, அவையோரே! நாம்தான் அதன் கையில் இருக்கிறோம்!" என்று நான் முழங்கியபோது மண்டபமே கை தட்டியது. முன்வரிசையில் அவள் ஒரு கையால் என்னைப் படம் பிடித்தாள். மறு கையால் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் அணி வென்றது.

திரும்பும் ரயிலில், கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"கிளிப் எப்ப போடுவாய்?"

"செவ்வாய் எனக்குச் சோதனை. முடிஞ்ச கையோட போடுறன்."

அது பொறிமுறைப் பாடம். உத்திரங்களும் தூண்களும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடுவது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பே முடிந்துவிடும். வேறு நகரத்துக்குப் போய் அதே துறையில் சேர்வதும் நடக்காத காரியம். அவள் முதல் முறை தவறியிருந்தாள். செவ்வாய்க்கிழமை இரண்டாம் முறை. இவ்வளவும் எனக்குத் தெரியும். ரயிலில் "சரி, சரி" என்று தலையாட்டியவளும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்குக் கிளிப் வந்துவிட்டது. சோதனை நேரத்தோடு முடிந்துவிட்டதாக்கும் என்று எண்ணி, ஒரு இதயக்குறி போட்டேன்.

நடந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். சோதனை மண்டபத்தில் கைபேசியை அணைத்துப் பையில் வைத்து, பையை முன்புறச் சுவரோரம் விட்டுவிட வேண்டும் என்பது விதி. அன்று காலை ஒரு அன்ரிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் இருந்தது. "அந்தரம் எண்டால் உனக்குத்தான் எழுதுவன்" என்று அன்ரி சொல்லியிருந்தார். அதனால் அவள் கைபேசியை அணைக்காமல், ஒலியை மட்டும் நிறுத்தி, மேற்சட்டைப் பையில் வைத்து, சட்டையைக் கதிரையில் கொழுவியிருந்தாள். அவசரம் என்றால் வெளியே போய்ப் பதில் எழுதிவிட்டு வரலாம் என்று நினைத்தாளாம். அப்படி ஒரு திட்டத்தோடு சோதனைக்குப் போக அவளால் மட்டும்தான் முடியும். எழுதிக்கொண்டிருந்தபோது கைபேசி கதிரையின் மரத்தில் பட்டு அதிர்ந்தது. நிறைந்த மண்டபத்தில் அது எல்லோருக்கும் கேட்டது. கண்காணிப்பாளர் வந்து விடைத்தாளை வாங்கிக்கொண்டார். ஏமாற்ற முயன்றதாகக் கணக்கு, தோல்வி.

ஆனாலும் விளக்கக் கடிதம் ஒன்று எழுதலாம் என்று பரீட்சைக் குழு அறிவித்திருந்தது. அதை எழுதித் தரும்படி என்னைக் கேட்டாள். எழுதினேன், நான்கு பக்கம். "இளமையின் வாசலில் நிற்கும் ஒரு மாணவியின் எதிர்காலம் உங்கள் முன் கைகட்டி நிற்கிறது" என்ற பொருள்பட ஜெர்மனில் தொடங்கியிருந்தேன்.

மென்சாவில் அதை வாசித்தவள் முதற்பக்கத்தோடு நிறுத்திவிட்டாள். "இது பரீட்சைக் குழுவுக்கடி, கொலோன் மேடைக்கில்லை. நடந்ததை மட்டும் எழுது."

"சரி. எத்தனை மணிக்கு அதிர்ந்தது?"

"பத்து நாப்பத்திரண்டு."

"அந்த அன்ரியோ?"

"அவவில்லை. அவ ஒண்டுமே அனுப்பேல்லை."

"அப்ப ஆர்? அதையும் எழுதுவம்."

"ஆரோ ஒராள். அது தேவையில்லை."

எனக்குக் கோபம் பொங்கியது. "அறிவிருக்கோ இந்தச் சனத்துக்கு? ஒரு பிள்ளை சோதனை எழுதுது எண்டு தெரிஞ்சுகொண்டும் செய்தி அனுப்புதுகள்! தங்கட அலுவல் மட்டும்தான் இதுகளுக்குப் பெரிசு!" என்று அந்த மென்சா மேசையிலேயே ஒரு சிற்றுரை ஆற்றினேன். அவள் பாண் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சோதனை நடந்த திகதியைக் கடிதத்தில் சரியாக எழுதுவதற்காக, கிளிப் வந்த நாளைப் பார்க்க எண்ணி என் கைபேசியைத் திறந்தேன். அவளோடான உரையாடலில் அது இருந்தது. செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பத்திரண்டு. "கிளிப் எங்க? மற்ற அணி நேற்றே போட்டிட்டினம்!" அனுப்பியவள் நான். அதற்குக் கீழே பதினொன்று ஐந்துக்கு அவளுடைய பதில்: "சோதனைக்குள்ள இருந்தனான், சொறி. இப்ப போடுறன்." விடைத்தாளைப் பறிகொடுத்து வெளியே வந்தவள் முதலில் செய்த வேலை, என்னிடம் மன்னிப்புக் கேட்டது.

கைபேசியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"தெரியும்" என்றாள்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ மன்னிப்புக் கேட்டு நாப்பது மெசேச் போடுவாய். நாப்பதுக்கும் நானெல்லோ பதில் எழுத வேணும்?"

கடிதம் அரைப்பக்கத்தில் போனது. விதி விதிதான் என்று பதில் வந்தது. மூன்றாவதும் கடைசியுமான சோதனை பங்குனி இறுதியில். பதினேழு நாள் இருந்தது.

முதல் இரண்டு நாளும் கைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிப் பார்த்தாள். பூட்டின் திறப்பு அவளிடமே இருந்ததால் அது பலிக்கவில்லை. மூன்றாம் நாள் மென்சாவில் அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீ வைச்சிரு. ஆனா பதில் போகாமல் விடக் கூடாது. நான்தான் எழுதுறன் எண்டு அவை நினைக்க வேணும்."

"ஒரு வரி சொல்லிவிடன், சோதனை எண்டு."

"ஏலாது. கோவிப்பினம். எத்தினையாம் தரம் எண்டும் கேப்பினம்."

அப்படித்தான் நான் அவளானேன். முதல் நாள் உற்சாகமாகவே இருந்தது. சொல் என்பது என் தொழில் அல்லவா? ஒரு மாமிக்கு, "தங்கள் அன்பான மடல் கண்டு அகமகிழ்ந்தேன்" என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் குரற்பதிவு வந்தது. "பிள்ளை, உனக்குக் காய்ச்சலோ? ஏன் பேச்சுப்போட்டி மாதிரி எழுதுறாய்?" அதன்பின் அவளுடைய பழைய பதில்களைப் பார்த்துப் பழகினேன். "ஓம் மாமி." "பாத்திட்டன் அன்ரி." "நாளைக்குப் போன் பண்ணிக் கேட்டுச் சொல்லுறன் அண்ணை." நான்காம் நாள் எனக்கும் சூப் ஆறியது. ஐந்தாம் நாள், சமர்ப்பிக்க வேண்டிய என் கட்டுரையின் ஒரே பக்கத்தை ஒன்பது முறை வாசித்தும் எதுவும் மண்டையில் ஏறவில்லை. யாராவது "வணக்கம்" என்றாலே எரிச்சல் வந்தது.

ஆனால் அந்தக் கைபேசியில் என்னை மிக வருத்தியது ஒரு மாமியோ அன்ரியோ அல்ல. செய்திப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. திறந்தேன், திறக்காமல் விட்டிருக்கலாம். நான் எழுதியவற்றை அவள் பக்கத்தில் இருந்து முதன்முறையாக வாசித்தேன். "எத்தனை பேர் பாத்தினம்?" "முதல் கொமென்ட் நீயே போடு." "ஏன் இன்னும் ஏறேல்லை?" "பாத்தியா?" "ஏய், பாத்தியா?" ஒரே நாளில் முப்பத்தொன்று. பெரியவர்களாவது ஒரு கடிதம் விளங்காமல்தான் எழுதினார்கள்.

சோதனைக்குப் பத்து நாள் இருந்த சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் ஒன்றுகூடல். அதில் எனக்கு ஏழு நிமிடச் சிறப்புரை. தலைப்பு, இளையோரும் எதிர்காலமும். பதினாறு பக்கம் ஆயத்தம் செய்திருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் காத்திருந்தபோது, என் பையினுள் அவளுடைய கைபேசி விடாமல் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எனக்கு முன்னாலேயே, கதிரைகளில், கைபேசியைக் குனிந்து பார்த்தபடி இருந்தார்கள்.

ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று அவள் கேட்டிருந்தாள். நான் சம்மதித்திருந்தேன். அந்தச் சொல்லை மீறுகிறேன் என்று தெரிந்துதான் மேடையேறினேன்.

"இது என்ர போன் இல்லை" என்று அதை உயர்த்திப் பிடித்தேன். பலருக்கு அதன் உறை அடையாளம் தெரிந்தது. "ஆரின்ர எண்டு உங்களுக்குத் தெரியும். ஐஞ்சு நாளா உங்களுக்குப் பதில் எழுதினது அவளில்லை, நான். அவளுக்குப் பத்து நாளில ஒரு பெரிய சோதனை கிடக்கு. அவள் களைச்சுப்போனாள். அதுவரைக்கும் ஒருத்தரும் அவளுக்கு எழுதாதேங்கோ. கடிதம் ஏதும் வந்தால் எனக்கு அனுப்புங்கோ. நானும் அவளைக் களைக்க வைச்சனான்தான்."

எத்தனையாவது தரம் என்று சொல்லவில்லை. முழுப் பேச்சும் ஒரு நிமிடம் இருந்திருக்காது. "நன்றி, வணக்கம்" என்று சொல்ல மறந்ததால், முடிந்துவிட்டது என்று யாருக்கும் விளங்கவில்லை. கைதட்டலும் வரவில்லை. அவள் சொன்னபடி எல்லோரும் கோபித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவளுடைய சோதனையையும் கெடுத்து, அவளுடைய பெயரையும் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

பின்வரிசையில், வடைத் தட்டோடு நின்ற ஒரு மாமி கேட்டார்.

"அவ்வளவுதானோ?"

"ஓம் மாமி."

"இதுக்கோ பிள்ளை மேடையேறினனீ? குறூப்பில ஒரு வரி போட்டிருக்கலாமே!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு அன்ரி, பிறந்தநாள் நன்றியில் கும்பிடு வந்ததற்காக அவளோடு முகங்கொடுத்துப் பேசாதிருந்தவரேதான், எழுந்து, "பிள்ளைக்குச் சோதனை எண்டால் சொல்லத் தெரியாதே? நாங்கள் என்ன பேயளோ?" என்றார். "பதில் வராட்டில் ஏதும் வருத்தமோ எண்டெல்லோ திருப்பித் திருப்பி எழுதுறம்."

"சோறு கொண்டுபோய்க் குடுக்கலாமோ? அதுக்கும் தடையோ?" என்று வடை மாமி கேட்டார்.

"குடுக்கலாம் மாமி. கதவடியில வைச்சிட்டுப் போங்கோ. மணி அடிக்காதேங்கோ."

அன்றோடு கைபேசி ஓய்ந்தது. ஓர் அண்ணை மட்டும் காலைதோறும் பிள்ளையார் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "அது மெசேச் இல்லைத்தானே தங்கச்சி, அது கடவுள்" என்றார். விட்டுவிட்டேன்.

மறுநாள் நூலகத்தில் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சீறுவாள் என்று எதிர்பார்த்தேன். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஆர் ஆர் கோவிச்சவை?"

"ஒருத்தரும் கோவிக்கேல்லை."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும் இல்லையடி."

அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி அல்ல. தான் இல்லாமலும் அவர்களுடைய நாள் நடக்கும் என்பது அவளைக் கொஞ்சம் சுட்டிருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தாள். பிறகு தோள் இரண்டும் மெல்ல இறங்கின. அவ்வளவு காலமும் அவை உயர்ந்தே இருந்தன என்பதை அப்போதுதான் கவனித்தேன். "கொஞ்சம் படுக்கிறன், எழுப்பிவிடு" என்று சொல்லிப் புத்தகத்தின் மேல் தலை வைத்தாள். பிற்பகல் வெயில் மேசையில் விழுந்திருந்தது. இரண்டு மணித்தியாலம் தூங்கினாள். நான் எழுப்பவில்லை.

சோதனை நாளில் மண்டபத்துக்கு வெளியே அவளுடைய கைபேசியோடு காத்திருந்தேன். அவள் வந்து அதை வாங்கினாள். திறக்காமலே பைக்குள் போட்டாள்.

"எப்பிடி?"

"தெரியேல்லை. ஆனா எல்லாக் கேள்வியும் வாசிச்சனான். முதல்ல சூப் குடிப்பம், வா."

பெறுபேறு வருவதற்கு மூன்று வாரம் எடுத்தது. எங்கள் வளாகத்தின் இரு பகுதிகளுக்கும் இடையே, தலைக்குமேல் தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும் ஒரு சிறு ரயில் உண்டு. ஒரு நண்பகலில் நான் அதன் கீழே நடந்துகொண்டிருந்தபோது, மேலே கண்ணாடியை யாரோ தட்டுவது போல் இருந்தது. நிமிர்ந்தேன். மெதுவாக நகர்ந்த பெட்டியின் யன்னலில் அவள் ஒட்டி நின்றாள். கையை விரித்து நான்கு விரல் காட்டினாள். ஜெர்மன் புள்ளியில் ஒன்று சிறப்பு, ஐந்து தோல்வி. நான்கு தேறுதலின் கடைசிப் படி. நான் நம்பாமல் என் நான்கு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் ஓம் என்று தலையை அத்தனை வேகமாக ஆட்டினாள். ரயில் போனது. நான் நடைபாதையிலேயே குந்திவிட்டேன். இரண்டு மாதமாக என் நெஞ்சில் இருந்த பாரம், அந்தக் கடைசிப் படியில் அவளோடு சேர்ந்து தானும் ஏறி, இறங்கிப் போய்விட்டது. அந்த நான்கை அவள் எந்தக் குழுவிலும் போடவில்லை. வடை மாமிக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

இப்போது அவள் வேறு நகரத்தில் பாலங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். கடிதங்கள் இன்னும் அவளுக்குப் போகின்றன. ஞாயிறு பிற்பகல் ஒரு மணித்தியாலம் அவற்றுக்கென்று வைத்திருக்கிறாள். அதை எல்லோருக்கும் அவளே அறிவித்தாள், குழுவில், ஒரு வரியில். நான் இன்னும் மேடையேறுகிறேன். என் பேச்சுகளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இப்போதும் பார்ப்பதுண்டு. ஆனால் அவளைக் கேட்பதில்லை.

இதை எழுதி முடித்ததும், பெயரில்லாவிட்டாலும் அவளுடைய அனுமதி வேண்டும் என்று அனுப்பிவைத்தேன். புதன்கிழமை காலை. அவள் பார்த்துவிட்டதற்கான நீலக்குறி உடனே விழுந்தது. பதில் இல்லை. வியாழனும் இல்லை. வெள்ளியும் இல்லை. சனிக்கிழமை அந்த நீலக்குறியைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்து சிரித்தேன். பார்த்துவிட்டு, விட்டிருக்கிறாள்.

ஞாயிறு பிற்பகல் பதில் வந்தது.

"வாசிச்சனான். போடு. ஆனா ஏழு நிமிசம் தாண்டீட்டுது. இறங்கு."